நவமி முடிந்த நேரம்

அன்புள்ள ரீச்சர்,

இன்று காலை காரின் முன்கண்ணாடியில் உறைபனி பிடித்திருந்தது. மெல்பேர்னின் ஓரத்தில் இருக்கும் இந்தக் கிரான்பர்னில் வருடத்தில் சில நாட்கள்தான் இப்படி ஆகும். காலாவதியான நூலக அட்டை ஒன்றை எடுத்துப்போய்ச் சுரண்டினேன். சுரண்டச் சுரண்ட வெள்ளைத் தூள் கையில் கொட்டியது, விரல் நுனிகள் மரத்தன, மூக்குக்குள் அந்தப் பழைய இரும்பு வாசனை ஏறியது. பக்கத்து வீட்டுப் பஞ்சாபிக்காரர் கேத்தலைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்து, சுடுதண்ணீர் ஊற்றட்டுமா என்று சைகையால் கேட்டார். வேண்டாம், கண்ணாடி வெடிக்கும் என்று நானும் கையால் காட்டினேன். அந்தப் பாடத்தை, மிஷன் பிக்கப்பின் கண்ணாடி ஒன்றைப் பலி கொடுத்து, நீங்களும் நானும் சேர்ந்தே கற்றோம்.

நீங்கள் போன பிறகு வருகிற முதல் குளிர்காலம் இது. வெறும் ‘பனி’ என்று எழுதியிருந்தால் சிவப்பு மையால் சுழித்திருப்பீர்கள். புல்லில் நிற்பதும் பனி, கண்ணை மறைப்பதும் பனி, கண்ணாடியில் உறைவதும் பனி, வானத்திலிருந்து பஞ்சாய்க் கொட்டுவதும் பனி என்றால் யார் எதையென்று விளங்கிக்கொள்வது என்பது உங்கள் கோபம். உங்கள் ஆபிரிக்க வகுப்புப் பிள்ளைகளுக்குத் தமிழில் ஒரு சொல்லும் தெரியாது, ஆங்கிலத்தில்தானே படிப்பிக்கிறீர்கள் என்று நான் சொன்னால், “அதுக்கில்லை ரீச்சர், முதல் என்ரை மண்டைக்குள்ளை தெளிவா இருக்கவேணும்” என்பீர்கள். ஆகவே தெளிவாகவே எழுதுகிறேன்: உறைபனி. மேகமும் காற்றும் இல்லாத இரவுக்குப் பிறகு வருவது.

இத்தனை வருடப் பழக்கத்தில் நாம் ஒருவரையொருவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. நீங்களும் ரீச்சர், நானும் ரீச்சர், என் கணவர் மாஸ்ரர். மூன்று பேரும் ஒரே பள்ளிக்கூடத்தில் படிப்பித்ததால் வந்த பழக்கம், பள்ளிக்கூடத்தை விட்டு வந்த பிறகும் போகவில்லை. சிட்னியில் உங்கள் இறுதிப் பூசையில் பாதிரியார் உங்கள் முழுப்பெயரைச் சொன்னபோது, யாரோ வேறொருவரின் பூசைக்கு வந்துவிட்டோமோ என்று ஒரு கணம் திகைத்தேன்.

ஊரில் நிலைமை கெட்டு, எந்த நாடு கதவைத் திறக்கும் என்று எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்த காலத்தில், ஆபிரிக்கப் பள்ளிக்கூடங்களுக்கு ஆசிரியர்கள் தேவைப்பட்டார்கள். யாழ்ப்பாணத்தில் இருந்து பலர் சாம்பியாவுக்கும் நைஜீரியாவுக்கும் போனார்கள். எங்களுக்குக் கிடைத்தது லெசோத்தோ. அப்படி ஒரு நாடு உண்டா என்று அட்லஸில் தேடவேண்டியிருந்தது. சுற்றிவரத் தென்னாபிரிக்கா, உள்ளே கொஞ்சம் ஓரமாக இது. ஓட்டையைச் சரியாக நடுவில் போடத் தெரியாத ஒருத்தி தட்டிய உளுந்து வடை மாதிரி இருந்தது. நானும் இவரும் போய் இறங்கியபோது நீங்கள் அங்கே ஒரு குளிர்காலத்தைக் கண்டு முடித்திருந்தீர்கள். மன்னாரில் இருந்து தனியாகப் புறப்பட்டுவந்து, மலைக்குள் ஒரு மிஷன் பெண்கள் பள்ளியில் புவியியல் படிப்பித்துக்கொண்டிருந்தீர்கள். எங்களைக் கண்ட முதல் நாளே மூன்று கம்பளிகளும் புட்டு அவிக்க ஒரு நீத்துப்பெட்டியும் கொண்டுவந்து தந்தீர்கள். “கம்பளி இரவல். நீத்துப்பெட்டி உங்களுக்குத்தான்” என்றீர்கள். எனக்கு உங்களை அப்போதே பிடித்துவிட்டது.

மலை காணாமல் வளர்ந்தவர்கள் நாம். மன்னாரில் ஒரு பந்தை வைத்தால் அது வைத்த இடத்திலேயே நிற்கும் என்பீர்கள். எங்கள் பக்கமும் அப்படித்தான், ஆறுமில்லை, மலையுமில்லை. கீரிமலை இருக்கிறதே என்று ஒருநாள் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். “பேரை வைச்சா மலை தானா வந்திடும் எண்டு நினைக்கிற ஊர் உங்கட ஊர்” என்று நாள் முழுக்கச் சிரித்தீர்கள். உங்களுக்கும் ஓர் ஏமாற்றம் இருந்தது. மன்னாரில் நிற்கிற பெருக்கமரங்கள், அதுதான் அந்தப் பருத்த பாவோபாப் மரங்கள், ஆபிரிக்காவில் இருந்து வந்தவை என்று சின்ன வயதில் கேட்டு, ஆபிரிக்கா முழுக்க அந்த மரம்தான் நிற்கும் என்று நம்பி வந்திருந்தீர்கள். லெசோத்தோவில் ஒன்றுகூட இல்லை. அந்தக் குளிரை அது தாங்காது. பொதுவாகவே மரம் குறைவு. புல்லும் கல்லும் அவற்றுக்கு மேல் மிகப் பெரிய வானமும்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் குசினியில் ரொட்டிக்கு மாக் குழைத்துக்கொண்டிருந்தபோது அந்த நாட்டை நீங்கள் செய்து காட்டியது நினைவிருக்கிறது. கோதுமை மாவைத் தடிப்பாகத் தட்டிக் கீழே வைத்தீர்கள். அது மணற்கல். அதற்கு மேல் இறுங்குச் சோள மாவைக் குவித்தீர்கள். அது எப்போதோ பூமிக்குள் இருந்து பொங்கி வழிந்து இறுகிய கருங்கல். பிறகு கத்தியை எடுத்து மேலிருந்து வளைத்து வளைத்துக் கீறினீர்கள். அது செங்கு ஆறு. “மேற்குப் பக்கம் இந்த ஓரத்திலைதான் சனம் இருக்குது. இதைத்தான் தாழ்நிலம் எண்டுகினம். இந்தத் தாழ்நிலமே எங்கட பண்டாரவளையிலும் பார்க்க உயரம்” என்றீர்கள். நான் கணக்கு ரீச்சர், நம்பாமல் அட்லஸைப் பார்த்தேன். உண்மைதான். பிறகு அந்த நாட்டைத் துண்டு துண்டாகச் சுட்டு, கட்டைச் சம்பலோடு சாப்பிட்டோம். மாலோட்டி மலைத்தொடர் கொஞ்சம் வேகாமல் இருந்தது.

சொன்னதையெல்லாம் கண்ணால் கண்ட பிறகுதான் எனக்கு விளங்கியது. கோடையில் பின்னேரம் ஆனால் இடி. மலையின் ஒரு பக்கம் வெய்யில் இருக்கும்போதே மறுபக்கம் கறுத்துக்கொண்டு வரும். நெல்லிக்காய் அளவு ஆலங்கட்டி விழுந்து, நான் பார்த்துப் பார்த்து வளர்த்த மிளகாய்ப் பாத்தியைக் கால் மணி நேரத்தில் சம்பலாக்கிவிட்டுப் போகும். அந்த மழை நின்று ஊறுவதில்லை, மண்ணை அறுத்துக்கொண்டு ஓடும். டொங்கா என்று அவர்கள் சொல்லும் பள்ளங்கள் வருடத்துக்கு வருடம் தோட்டங்களைத் தின்றுகொண்டே வரும். மலைத் தண்ணீரைப் பக்கத்து நாட்டுக்கு விற்க ஏற்பாடு நடந்துகொண்டிருந்தபோது, நம் பள்ளிப் பிள்ளைகள் ஊற்றடியில் வாளியோடு வரிசையில் நின்றார்கள். இருந்தும் அந்தச் சனங்கள் எந்தக் கூட்டத்தில் பேசினாலும் சமாதானம், மழை, செழிப்பு என்று வாழ்த்தித்தான் முடிப்பார்கள். மழையை வாழ்த்தில் வைக்கிற ஊர் என்பதால் எங்களுக்கு அவர்களை விளங்கியது.

குளிர்காலம் வேறு மாதிரி. வானம் நீலமாக, காய்ந்து, கூர்மையாக இருக்கும். வந்த புதிதில் எங்களுக்குத் தந்த வீட்டின் குசினி தெற்குப் பார்த்தது. தெற்கால்தான் வெய்யில் வரும் என்று யாழ்ப்பாணத்து மூளை சொன்னதால் இவர் அந்த வீட்டையே விரும்பி எடுத்தார். ஆனி மாதம் பிறந்தபோது கழுவிவைத்த பாத்திரத்தில் தண்ணீர் கட்டியாகி நின்றது. நீங்கள் வந்து பார்த்துத் தலையில் கை வைத்தீர்கள். “இந்தப் பாதி உலகத்திலை வெய்யில் வடக்காலை வரும் மாஸ்ரர். பௌதிகம் படிப்பிக்கிறீங்கள், இது தெரியாதோ?” இவர் தெரியும் என்றார். தெரிந்த விஷயம் வீடு பார்க்கப் போனபோது கூடவே போகவில்லை, அவ்வளவுதான். பல வருடங்களுக்குப் பிறகு கிரான்பர்னில் வீடு வாங்கியபோது, முகவர் ‘நோர்த் ஃபேசிங்’ என்று பெருமையாகச் சொல்ல, இவர் பொக்கெற்றிலிருந்து திசைகாட்டியை எடுத்துச் சரிபார்த்தார். உங்களுக்குப் போன் பண்ணிச் சொன்னேன். “பாஸ்” என்றீர்கள்.

இனி அந்த ஆடி மாதத்துக்கு வருகிறேன்.

அதற்கு இரண்டு வருடம் முன்பு, ஊரில், எங்கள் முதல் பிள்ளை பிறந்த மறுநாளே போய்விட்டது. ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்ட நாள் அட்டமி என்று மாமி பிறகு பஞ்சாங்கத்தைப் பார்த்துக் கண்டுபிடித்தா. அட்டமி, நவமியில் நல்ல காரியத்துக்கு வெளிக்கிடக்கூடாது என்பது எங்கள் வீடுகளில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். அன்று வலி வந்த அவசரத்தில் யாரும் பார்க்கவில்லை. அதனால்தான் பிள்ளை போனது என்று இவர் நம்பினாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஆனால் இன்னொரு முறை அந்த நாளில் என்னைக் கூட்டிக்கொண்டு படி இறங்கமாட்டார் என்பது தெரியும். நானும் மறுத்துப் பேசவில்லை. எனக்கும் பயமாகத்தான் இருந்தது.

இரண்டாவது பிள்ளை வயிற்றில் ஏழு எட்டு மாதமாக இருந்தபோதே தலைநகர் மசேருவுக்கு இறங்கிவிடும்படி சொன்னீர்கள். மிஷனில் ஒரு தாதிச் சகோதரிதான் இருந்தார். சத்திரசிகிச்சை செய்ய மசேருவுக்குத்தான் போகவேண்டும். இடையில் மூன்று கணவாய்கள், கற்பாதை. குளிர்கால விடுமுறை தொடங்கி மற்ற ஆசிரியர்கள் எல்லோரும் இறங்கிப் போய்விட்டார்கள். நாங்கள் நல்ல நாள் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு கிழமை வாகனம் இல்லை. அடுத்த கிழமை இவருக்குக் காய்ச்சல். எல்லாம் சரியாக வந்தபோது அட்டமி வந்துவிட்டது. நீங்களும் போகாமல் இருந்தீர்கள். ஏன் போகவில்லை என்று கேட்டால், வினாத்தாள் திருத்த இருக்கிறது என்றீர்கள். திருத்தி முடித்த கட்டு உங்கள் மேசையில் இருந்ததை நான் கண்டேன்.

அட்டமியன்று நல்ல வெய்யில். ஆடி மாதத்தில் அப்படியொரு சூடு அங்கே வருவதில்லை. வடமேற்கில் இருந்து இளஞ்சூடாகக் காற்று அடித்தது. இவர் சட்டைக் கையை மடித்துவிட்டு, “பாத்தீரே, கடவுளாப் பாத்து ஒரு நல்ல நாளைத் தந்திருக்கிறார். அவசரப்பட ஒண்டுமில்லை” என்றார். நீங்கள் முற்றத்தில் நின்று மேற்கே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். மிக உயரத்தில் சீப்பால் இழுத்தது போல மெல்லிய மேகம். மேல் சரிவில் மேய்ந்த ஆடுகளை இடையர்கள் பட்டிக்கு இறக்கிக்கொண்டிருந்தார்கள்.

“இந்தச் சூடுதான் எனக்குப் பயம்” என்றீர்கள். “பின்னாலை குளிர்க்காத்து வருதெண்டா, அதுக்கு முன்னாலை இப்பிடித்தான் சூடா அடிக்கும். நாளைக்குப் பின்னேரத்துக்குள்ளை பனி கொட்டும். கணவாய் மூடினா எப்ப திறப்பாங்கள் எண்டு சொல்லேலாது.”

“நாளைக்கு நவமி ரீச்சர்” என்றார் இவர். “பகல் ரெண்டு மணிக்குத்தான் முடியுது. ரெண்டுக்குப் பிறகு வெளிக்கிடலாம்.”

இரண்டு மணிக்கு வெளிக்கிட்டால் முதல் கணவாயிலேயே இருட்டும். அது அவருக்கும் தெரியும். நீங்கள் திரும்பிப் பள்ளிக்கூடப் பக்கம் போய்விட்டீர்கள். எங்களைக் கைவிட்டுவிட்டீர்கள் என்று நினைத்து நான் குசினிக்குள் போய் அழுதேன்.

மறுநாள் காலை பத்து மணிக்கு மேல் பள்ளிக்கூடத்து உலக உருண்டையைக் கையில் தூக்கிக்கொண்டு வந்தீர்கள். மேசையில் வைத்துவிட்டுக் கதிரையை இழுத்துப் போட்டு இவருக்கு எதிரே இருந்தீர்கள்.

“மாஸ்ரர், உங்கட பஞ்சாங்கம் எங்கை கணிச்சது?”

“யாழ்ப்பாணத்திலை.”

“அப்ப நவமி முடியிற ரெண்டு மணி ஆரின்ரை ரெண்டு மணி?”

இவர் விளங்காமல் பார்த்தார்.

“நான் சேர்ச்சுக்குப் போற வேதக்காரி, எனக்கு வடிவாத் தெரியாது, நீங்கள்தான் சொல்லவேணும். திதி எண்டா என்ன?”

இவர் படிப்பிக்கும் குரலில் சொன்னார், சூரியனிலிருந்து சந்திரன் விலகிப்போகும் அளவுதான் திதி என்று.

“அந்த அளவு ஊருக்கு ஊர் வேறையோ?”

“இல்லை. சந்திரன் ஒண்டுதானே.”

“அப்ப நவமி முடியிறதும் உலகம் முழுக்க ஒரே கணத்திலைதானே?” நீங்கள் ஒரு விரலை யாழ்ப்பாணத்தில் வைத்தீர்கள், கட்டைவிரலை எங்கள் மலையில் வைத்தீர்கள், மற்றக் கையால் உருண்டையை மேற்கிலிருந்து கிழக்காக மெல்லத் திருப்பினீர்கள். “அவைக்கு விடிஞ்சாப் பிறகுதான் எங்களுக்கு விடியும். அங்கை ரெண்டு அடிக்கேக்கை இஞ்சை எத்தினை மணி மாஸ்ரர்?”

இவர் உருண்டையைப் பார்த்தார். சுவர் மணிக்கூட்டைப் பார்த்தார். வாய்க்குள் கணக்குப் பார்ப்பது தெரிந்தது. “பத்தரை” என்றார்.

“இப்ப வெளிக்கிட்டா வாசலைத் தாண்டப் பத்தரை சரியா வரும்.”

பௌதிகம் படிப்பித்த மனிதருக்கும் கணக்குப் படிப்பித்த எனக்கும் இது ஏன் முதலே தோன்றவில்லை என்று பிறகு பலமுறை யோசித்திருக்கிறேன். ஊரை விட்டு எவ்வளவோ தூரம் வந்தும், பஞ்சாங்கத்தைத் திறந்ததும் நாங்கள் யாழ்ப்பாணத்து நேரத்தில்தான் இருந்தோம். பயம் வேறு கூட நின்றது. நீங்கள் எங்கள் நம்பிக்கையைப் பழிக்கவில்லை. அதை ஒழுங்காகச் செய்யும்படி சொன்னீர்கள். இவருக்கு அது போதுமாக இருந்தது. செருப்பைத் தேடப் போனவர் பாதியில் திரும்பி, “ராகு காலம்...” என்று இழுத்தார்.

“அதைக் கணவாயிலை பாப்பம் மாஸ்ரர்” என்றீர்கள்.

வெளியே வந்தால் மிஷன் பிக்கப் உறுமிக்கொண்டு நிற்கிறது. சாரதி ந்தாத்தே தாபோ போர்வையைப் போர்த்திக்கொண்டு ஏறி இருக்கிறார். ந்தாத்தே என்றால் ஐயா. எங்கள் பெட்டிகள் பின்னால் கயிற்றால் இறுக்கிக் கட்டப்பட்டிருக்கின்றன. எங்கள் விறாந்தையில் இருந்த பெட்டிகள் எப்போது அங்கே போயின என்று அந்த நேரத்தில் யாரும் கேட்கவில்லை.

முதல் கணவாய்க்கு ஏறும்வரை சூடு இருந்தது. ஏறி முடிக்கக் காற்று சட்டென்று நின்றது. தென்மேற்கு வானம் சிலேட்டுக் கறுப்பாக எழும்பிவந்தது. “லெஹ்லோவா” என்றார் தாபோ. அவர்கள் மொழியில் வெண்பனி. அவர் சொல்லி முடிக்கக் கண்ணாடியில் முதல் பூ விழுந்தது. நான் வாழ்க்கையில் கண்ட முதலாவது பனிமழை அது. அழகாக இருந்தது என்று பொய் சொல்லமாட்டேன். ஒவ்வொரு குலுக்கலுக்கும் வயிற்றைப் பிடித்துக்கொண்டேன். நீங்கள் என் முதுகுக்கும் இருக்கைக்கும் இடையில் உங்கள் கையை வைத்திருந்தீர்கள். நடுக் கணவாய்க்கு அந்த நாட்டார் வைத்த பெயரே ‘கடவுளே, உதவி செய்’ என்பதுதான். வளைவுக்கு வளைவு பாதை வெள்ளையாகி, ஓரம் எது பள்ளம் எது என்று தெரியாமல் போனது. நீங்கள் செபமாலையை உருட்டினீர்கள், நான் முருகனைக் கூப்பிட்டேன், தாபோ வாய்க்குள் எதையோ பாடிக்கொண்டு சைக்கிள் வேகத்தில் ஓட்டினார். இவர் மட்டும் மணிக்கூட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசிக் கணவாயை இறங்கியபோது பனி நின்று வெறும் மழையானது. மசேருவின் விளக்குகள் தெரிந்தன. அப்போதுதான் உங்கள் கையை எடுத்தீர்கள். அது மரத்துப்போய் விரல்கள் மடங்கவில்லை.

மறுநாள் எனக்கு வலி கண்டது. பிள்ளை குறுக்கே கிடந்தது. வெட்டித்தான் எடுத்தார்கள். எங்களுக்குப் பின்னால் பாதை மூடி, திறக்க ஒரு கிழமைக்கு மேல் ஆனது. மேலே இருந்திருந்தால் இரண்டு பேரையும் காப்பாற்றியிருக்க முடியாது என்று டொக்டர் இவரிடம் சொன்னார். இவர் அதை என்னிடம் சொல்ல மூன்று வருடம் எடுத்தது. உங்களிடம் அன்றே சொல்லியிருக்கிறார். நீங்கள் குழந்தையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, மூக்கு மாஸ்ரரின் மூக்கு, அதற்கு ஒன்றும் செய்ய முடியாது என்றீர்கள்.

அதற்குப் பிறகு நடந்தவை எல்லோருக்கும் நடந்தவைதான். ஒப்பந்தங்கள் முடிந்தன. எங்களுக்கு மெல்பேர்ன் கிடைத்தது, உங்களைத் தம்பி சிட்னிக்குக் கூப்பிட்டார். ருங்காபியில் ஒரு சின்ன யுனிற்றில் இருந்துகொண்டு, ஆஸ்திரேலியாவின் மலைகளை நீங்கள் ஒருநாளும் மலை என்று ஒப்புக்கொள்ளவில்லை. நாங்கள் வந்த ஒருமுறை, வேதக்காரியான நீங்களே காரோட்டி எங்களை ஹெலன்ஸ்பர்க் கோயிலுக்குக் கூட்டிப்போனீர்கள். காட்டுக்குள் பாதை வளைய, “நல்ல மலைப்பாதை” என்று நான் சும்மா சொல்லிவிட்டேன். “இது மலையில்லை ரீச்சர், மேட்டுநிலத்தின்ரை ஓரம். நீலமலை எண்டுகினமே, அதுவும் மலையில்லை. ஆறு அறுத்த மேட்டுநிலம்” என்று கோயில் வாசல் வரை பாடம் நடந்தது. சாமி கும்பிட்டு வந்ததும் புளிச்சாதத்தை மட்டும் மறுப்பில்லாமல் சாப்பிட்டீர்கள்.

மெல்பேர்னில் கோடைக்கு வடக்குக் காற்று நெருப்பாக அடிக்கும்போதெல்லாம் போன் பண்ணுவேன். “தென்மேற்காலை எப்ப மாறுது?” என்பதுதான் உங்கள் முதல் கேள்வி. அதே சூடு, அதே திரும்பல், மலை மட்டும் இல்லை என்பீர்கள். ஒருநாள் கேரம் டவுன்ஸ் கோயில் கலண்டரைப் பற்றிச் சொன்னேன். திதிகளை மெல்பேர்ன் நேரத்துக்கே கணித்துப் போட்டிருக்கிறார்கள் என்றேன். “அப்பாடா. ஆரோ ஒருத்தர் உலக உருண்டையைப் பாத்திருக்கினம்” என்றீர்கள்.

இந்த வருடம் பங்குனி கடைசியில் உங்கள் தம்பியின் மகள் போன் பண்ணினாள். “அன்ரிக்குக் கடுமை. வாறதெண்டா இண்டைக்கே வாங்கோ.” நான் குசினியில் நின்றேன். சுவரில் அந்தக் கலண்டர் தொங்கியது. அன்று அட்டமி. நான் கண்டதை இவரும் கண்டார். எழுபது தாண்டிய மனிதர், இத்தனை வருடமும் ஓர் அட்டமிக்கும் வெளியூர் போகாதவர். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, மகளுக்குப் போன் எடுத்து, “மூண்டு ரிக்கற் போடு பிள்ளை, முதல் பிளேனுக்கு” என்றார். அதற்குப் பிறகு கலண்டர் பக்கம் திரும்பவில்லை.

வார்ட்டில் உங்களுக்கு வடக்கு ஜன்னல் கிடைத்திருந்தது. அதைத்தான் முதலில் காட்டினீர்கள். மூச்சு வாங்கி வாங்கிப் பேசினீர்கள். இவரைப் பார்த்து, “மாஸ்ரர், இண்டைக்கு என்ன திதி?” என்றீர்கள்.

“பாக்கேல்லை” என்றார் இவர். நன்றாகப் பொய் சொல்ல வராதவர்.

நான் கட்டிலோரம் இருந்து உங்கள் கையைப் பிடித்துக்கொண்டேன். எப்போதும் கேட்க நினைத்து, கேட்காமலே விட்ட ஒன்றை அப்போது கேட்டேன். “ரீச்சர், அண்டைக்கு நவமிக் கணக்குப் பாத்தனீங்களெல்லே. யாழ்ப்பாணம் எங்களுக்குக் கிழக்காலை இருந்தபடியா நேரம் முந்தி வந்தது. மேற்காலை இருந்திருந்தா? ரெண்டு மணி அஞ்சரை ஆகியிருந்தா என்ன செய்திருப்பீங்கள்?”

கண்ணை மூடிக்கொண்டீர்கள். நித்திரையாகிவிட்டீர்கள் என்று நினைத்தேன்.

“உருண்டையை மற்றப் பக்கம் சுத்திக் காட்டியிருப்பன்” என்றீர்கள்.

இவர் சிரித்தார், சிரித்துக்கொண்டே கண்ணாடியைக் கழற்றினார். “நான் கண்டுபிடிச்சிருப்பன் ரீச்சர்.”

“நீங்கள் கண்டுபிடிக்கிறதுக்கிடையிலை கணவாயைத் தாண்டியிருப்பம்.”

கோப்பி வாங்கப் போன மகள் திரும்பிவந்தபோது நான் வெளியே நடையில் நின்றேன். அவளுக்குத் தான் பனியில் பிறந்த கதை தெரியும், உருண்டைக் கதையும் தெரியும். பிறந்தநாளுக்குப் பிறந்தநாள் கேட்டு வளர்ந்தவள். இந்தக் கேள்வியும் பதிலும் மட்டும் புதிது. சொன்னேன். அவளுக்கு உடனே விளங்கவில்லை. உயர்தரத்துக்குப் படித்தபோது நீங்கள் போனிலேயே அவளுக்குப் புவியியல் சொல்லிக்கொடுத்தீர்கள். படத்தில் வடக்கு அம்புக்குறி போட மறந்தால் முழுப் படத்தையும் திரும்பக் கீறவைத்தீர்கள். அந்த அன்ரியைத்தான் அவளுக்குத் தெரியும்.

“அன்ரி பொய் சொல்லியிருப்பாவோ? உலக மாப்பைப் பற்றி? நோ வே அம்மா.”

“ஓம். சொல்லியிருப்பா.”

“ஃபோர் மீ? ஐ வோஸின்ட் ஈவன் போர்ன்.”

“ஓம் பிள்ளை. உனக்கு அப்ப பேருமில்லை.”

கோப்பிக் கோப்பைகளை என் கையில் தந்துவிட்டு அவள் உள்ளே போனாள். உங்கள் காலடியில் கட்டிலில் ஏறி, சப்பாத்தோடு, சின்னப் பிள்ளை போல இருந்துகொண்டாள். நீங்கள் நித்திரை. எழும்பினதும் ஏதோ சொல்ல வேண்டுமென்று பின்னேரம் வரை அப்படியே இருந்தாள். நீங்கள் எழும்பவில்லை.

ரீச்சர், நான் வாழ்நாள் முழுக்கக் கணக்குப் படிப்பித்தவள். அன்று விடை சரியாக வந்ததால்தான் தப்பினோம் என்று இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன். விடை பிழைத்திருந்தாலும் நீங்கள் எங்களைக் கணவாய்க்கு அப்பால் கொண்டுபோயிருப்பீர்கள். அதைத் தெரிந்துகொண்டுதான் இப்போது இருக்கிறேன்.

இப்படிக்கு,
ரீச்சர்